கழிவு மை

இரண்டு விளக்குகளும் மாறி மாறிச் சிமிட்டின.
அணைத்துப் போட்டேன், சிமிட்டின.
ரிமோட்டைத் தட்டுகிற மாதிரி முதுகில் தட்டினேன்,
சிமிட்டின.

இளம்பரிதி எக்செல் திறந்தான்.
பழுது பார்த்தால் இவ்வளவு, மைக்கு இவ்வளவு,
புதிதென்றால் நாலாயிரத்து முந்நூறு,
பழசைக் கொடுத்தால் அதில் முந்நூறு குறையும்.
"ஏழு வருஷம் ஆச்சு, தூக்கிப் போடு."
இந்த வீட்டில் ஏழு வருஷம் ஆனவை
வேறென்னவெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை. ஹொரமாவிலிருந்து எஸ்.பி. ரோடு.
துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
சிக்னலில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.
"ஏனு மேடம், மிக்ஸியா?"
"பிரிண்டர்."
"ஓ" என்றார்,
யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்ட குரலில்.

மாடிப்படிக்கு அடியில் ஜபியுல்லாவின் கடை.
நெற்றியில் கட்டிய விளக்கு,
கன்னடம் பாதி உருது பாதி கரைந்த தமிழ்.
"கெட்டுப் போகலே மேடம். நெறைஞ்சு போச்சு."

பின்மூடியைக் கழற்றி
ஒரு பஞ்சுப் பட்டையை வெளியே எடுத்தான்,
நசுங்கின நாவல்பழ நிறம்.
தலையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம்
தாளுக்குப் போகாத மை
இதில்தான் இறங்குமாம்.
எத்தனை சொட்டு என்று மெஷினே எண்ணிக்கொண்டிருக்குமாம்.
போதும் என்று அதற்குத் தோன்றுகிற நாளில்
நின்றுவிடுமாம், ஒரு குறையும் இல்லாமல்.

"கழுவிக் காயவெச்சு கவுண்டரை ஜீரோ பண்ணிட்டா
தான் புதுசுன்னே நெனைச்சுக்கும்.
தொள்ளாயிரம்.
புதுசு வேணும்னாலும் நம்மகிட்டயே இருக்கு."

யோசித்தேன்.
நறுமுகையின் சூரியக் குடும்பம்,
மஞ்சள் தீர்ந்துபோய்ச் சனி ரோஜா நிறத்தில் வந்த ராத்திரி.
பதினொரு மாத வாடகை ஒப்பந்தங்கள், நாலு வீட்டுக்கு.
அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இருபது பிரதி.
பதினேழு செலவானது.
மூன்று இன்னும் பீரோவில், துணிகளுக்கு அடியில்.

"ரோலர்ல என்னமோ மாட்டியிருக்கு" என்று
சாமணத்தை விட்டு இழுத்தான்.
விசிறியாய் மடிந்த அரைத்தாள்.
விரித்தேன்.
போன வருஷத்துக்கு முந்தின மார்ச்.
மனிதவளப் பிரிவுக்கு.
சொந்தக் காரணங்களை முன்னிட்டு நான் என் பணியிலிருந்து
அவ்வளவுதான்.
அவன் பெயர் வரவேண்டிய பாதி
எங்கேயோ கிழிந்து போயிருந்தது.

"முக்கியமானதா மேடம்?"
"இல்ல. பழசு."

அந்த மார்ச்சில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?
பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது என்று அவனிடம்
மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.
ஏழே காலுக்கு ஒயிட்ஃபீல்டு பஸ்.
அன்றும் எலுமிச்சை சாதத்தை வாங்கிக்கொண்டு ஏறியிருப்பான்.
"பேப்பர் மாட்டிக்கிச்சு, விடு" என்று
ஒருநாள் சொன்னது நினைவு வருகிறது.
வருகிறதா, நான் வரவழைக்கிறேனா
தெரியவில்லை.

"கழுவவா, புதுசா?"
"கழுவுங்க."

வாளியில் பஞ்சைப் பிழிந்தான்.
ஜன்னலுக்கு வெளியே சாக்கடைக்கு
நாலு நிறமும் ஒரே கறுப்பாய்ப் போயிற்று.
ரசீதோடு சேர்த்து மடித்து
அரைத்தாளைக் கைப்பையில் வைத்தேன்.

"எவ்வளவு ஆச்சு?"
"தொள்ளாயிரம்."
"அடுத்த வருஷம் திரும்ப நிக்கும் பாரு."
"நிக்கட்டும்."
சோதனைப் பக்கத்தை அவனே எடுத்துப் பார்த்தான்.
நீலத்தில் ஒரு கோடு விட்டிருந்தது.
"பரவாயில்ல, படிக்க முடியும்."

தட்டில் எப்போதும் பத்துத் தாள்தான் வைப்பேன்,
தூசி படியும் என்று.
இன்றைக்குக் கட்டைப் பிரித்து முழுதும் வைத்தேன்.

நடுராத்திரி ஹாலில் அது விழித்துக்கொண்டது.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
தானாகத் தலையைத் துடைத்துக்கொள்கிறதோ,
யாராவது எழுப்பினார்களோ.
பக்கத்துத் தலையணையைத் தடவிப் பார்க்கவில்லை.

காலையில் தாள்களை
எண்ணவும் இல்லை.